1971-இல் பிறந்திராத மிக்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த மாதிரி விமானக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பிளாஸ்டிக் கிட்டுகளை ஒட்டி, தேய்த்து, வண்ணம் பூசி அலமாரியில் வைக்கும் எங்களைப் போன்றவர்களுக்காகத் தமிழில் நான்கு பக்கம் ஒதுக்கும் இதழ் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷைக் கழுவும் முறை பற்றிக் கட்டுரையாளர் எழுதியிருந்த பத்தி, நான் பல கருவிகளைப் பாழாக்கிக் கற்ற பாடத்தை அரைப் பக்கத்தில் சொல்லிவிட்டது. ஆயினும் நடுப்பக்கப் படத்துக்குக் கீழே, ‘1971 டிசம்பரில் டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கிய மிக்-21’ என்று அச்சாகியிருப்பதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

படத்தில் இருக்கும் மாதிரி, மிக்-21 என்னும் போர் விமானத்தின் பிஸ் ரகத்தைச் சேர்ந்தது. அந்த ரகம் சோவியத் ஒன்றியத்தில் உற்பத்திக்கு வந்ததே 1972-இல்தான். நம் விமானப் படைக்கு அதற்கும் சில ஆண்டுகள் கழித்தே வந்து சேர்ந்தது. 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் டாக்கா மீது பறந்தவை மிக்-21 எஃப்எல் விமானங்கள்; விமானப் படையினர் அவற்றை ‘டைப் 77’ என்று அழைத்தார்கள். பேரனைப் படம் எடுத்துத் தாத்தாவின் கல்யாணக் கோலம் என்று எழுதியதைப் போல இருக்கிறது அந்தக் குறிப்பு. குடும்பச் சாயல் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை: அதே 57 பாகைச் சாய்வுள்ள முக்கோண இறக்கை, அதே மூக்குத் துளை, அதன் நடுவே அதே கூம்பு. ஆனால் மாதிரி கட்டுபவனுக்குச் சாயல் போதாது.

ஒரே ஒரு புகைப்படத்தை வைத்து இதை எப்படிச் சொல்கிறேன் என்று கட்டுரையாளர் கேட்கலாம். மூக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும், காற்றின் அழுத்தத்தைக் கொண்டு வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாயை முதலில் பார்க்க வேண்டும். எஃப்எல் ரகத்தில் அது மூக்கின் உச்சியில் நடுக்கோட்டில் நிற்கும். பிஸ் ரகத்தில் விமானியின் வலக்கைப் பக்கமாக விலகியிருக்கும். படத்தில் அது விலகித்தான் இருக்கிறது. அடுத்து, விமானியின் அறைக்குப் பின்னால் தொடங்கி வால் வரை ஓடும் முதுகு. எஃப்எல்லில் அது ஒடுங்கலானது. பிஸ்ஸில் கூடுதல் எரிபொருளைத் தாங்கிப் பருத்திருக்கும். இறக்கைகளுக்கு அடியில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு பைலான்களும் (ஆயுதங்களைத் தொங்கவிடும் தாங்கிகள்), ஒவ்வொன்றிலும் ஓர் ஏவுகணையும் படத்தில் தெரிகின்றன. எஃப்எல்லுக்கு இறக்கைக்கு ஒன்றாக மொத்தம் இரண்டே பைலான்கள். 1971 டிசம்பர் 14 அன்று 28-ஆம் படைப்பிரிவின் மிக் விமானங்கள் ஆளுநர் மாளிகையின் மீது செலுத்தியவை 57 மில்லிமீட்டர் ராக்கெட்டுகள். பதினாறு குழல்கள் கொண்ட கூடு இறக்கைக்கு ஒன்று. அந்தத் தாக்குதலைக் காட்ட விரும்புகிறவர் ஏவுகணைகளைக் கிட்டின் பெட்டியிலேயே விட்டுவைக்க வேண்டும்.

துப்பாக்கி விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் கிட் கட்டுபவர்களில் அனுபவசாலிகளும் இதில்தான் சறுக்குகிறார்கள். எஃப்எல் ரகத்தின் உடலுக்குள் துப்பாக்கியே கிடையாது. ஏவுகணை வந்துவிட்டபின் துப்பாக்கி எதற்கு என்று உலகம் முழுவதும் நம்பியிருந்த காலத்தில் வடிவமைக்கப்பட்ட விமானம் அது. அந்தக் குறையை ஈடுசெய்ய, இரட்டைக் குழல் கொண்ட 23 மில்லிமீட்டர் பீரங்கியை ஜிபி-9 என்னும் கூட்டில் அடைத்து வயிற்றுக்கு அடியில் மாட்டினார்கள். 1971 டிசம்பர் 12 அன்று 47-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த பரத் பூஷண் சோனி, ஜாம்நகருக்கு அருகே கட்ச் வளைகுடாவின் மேல் பாகிஸ்தானின் எஃப்-104 போர் விமானம் ஒன்றை வீழ்த்தியது இந்தப் பீரங்கியால்தான். இதில் மாதிரி கட்டுபவர் மனத்தில் வைக்க வேண்டியது, ஜிபி-9 மாட்டும் இடமும் நடுவயிற்று டிராப் டேங்க், அதாவது கழற்றி எறியக்கூடிய கூடுதல் எரிபொருள் தொட்டி, மாட்டும் இடமும் ஒன்றே என்பது. இறக்கைப் பைலான்களில் டேங்க் மாட்டும் வசதி எஃப்எல்லுக்கு இல்லை. ஆகவே பீரங்கியோடு புறப்பட்டால் கூடுதல் எரிபொருள் கிடையாது. கூடுதல் எரிபொருளோடு புறப்பட்டால் பீரங்கி கிடையாது. வயிற்றில் பீரங்கியும் இறக்கைக்கு அடியில் டேங்குகளும் தொங்கும் எஃப்எல் மாதிரிகளைக் கண்காட்சிகளில் பார்த்திருக்கிறேன். பார்வைக்கு மிடுக்காகத்தான் இருக்கும், அப்படி ஒரு விமானம் பறந்ததில்லை என்பதைத் தவிர.

கட்டுரையில் கேனோபியை, அதாவது விமானியின் அறைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியை, திறந்து வைப்பதற்குச் சொல்லப்பட்டிருக்கும் வழியும் திருத்தப்பட வேண்டியது. முன்கண்ணாடிச் சட்டத்தை ஒட்டிச் சிறு ரம்பத்தால் அறுத்து, பின்பகுதியை மட்டும் வலப்பக்கமாகச் சாய்த்து ஒட்டும்படி எழுதியிருக்கிறார். பிஸ் ரகத்துக்கு அது மிகச் சரி. எஃப்எல்லில் அந்த இடத்தில் அறுத்தால் கிட்டே கெட்டது. ஏனெனில் அதில் முன்கண்ணாடியும் மூடியும் ஒரே துண்டு. கீல் முன்னால் இருக்கும். பின்விளிம்பு மேலெழும்பி, முழு மூடியும் மூக்கை நோக்கிச் சாயும். இருக்கையோடு விமானி வெளியே எறியப்படும்போது அந்த மூடியும் கூடவே கழன்று வந்து, எதிர்க்காற்று முகத்தில் அறையாமல் காக்க வேண்டும் என்பது அந்த அமைப்பின் நோக்கம். இப்படிச் சாய்ந்து நிற்கும் மூடிதான் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் ‘இது பழைய மிக்’ என்று சொல்லிவிடும். பின்னாளில் பைசன் என்ற பெயரில் 125 பிஸ் விமானங்கள் மேம்படுத்தப்பட்டபோது முன்கண்ணாடி மறுபடியும் மாறியது: குறுக்குச் சட்டங்கள் போய், வளைந்த ஒற்றைக் கண்ணாடி வந்தது. ஆக, கண்ணாடியை மட்டும் பார்த்தே இந்திய மிக் விமானங்களின் மூன்று தலைமுறைகளைப் பிரித்துச் சொல்லிவிடலாம்.

வண்ணத்தைப் பற்றிக் கட்டுரையாளரோடு எனக்குப் பெரிய வழக்கில்லை. இந்தியாவுக்கு வந்த எஃப்எல்கள் வண்ணம் பூசாத உலோக மினுக்கோடு இருந்தவை. 1971 போர்க் காலத்தில் படைத்தளங்களிலேயே அவசரமாக உருமறைப்பு வண்ணம் பூசப்பட்டதால் ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. எனவே நிறக் குறியீட்டு எண்ணைத் தேடி அலைவதைவிட, எந்த எண்ணுள்ள விமானம், எந்த மாதத்துப் படம் என்று முதலில் தீர்மானித்துக்கொள்வது நல்லது. உலோக மினுக்கில் செய்பவர்கள் மூக்குக் கூம்பையும் வால் துடுப்பின் நுனியையும் வெள்ளியால் மூடிவிடக் கூடாது. ரேடியோ அலைகள் ஊடுருவ வேண்டிய அந்த இரண்டு இடங்களும் உலோகம் அல்ல.

அசல் விமானத்தை நேரில் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டு தவறு செய்பவர்களும் உண்டு. அவர்களில் நானும் ஒருவன். ஓர் ஊரின் பூங்காவில் பீடத்தின் மேல் நிறுத்தப்பட்டிருந்த மிக்கைப் பாதி நாள் சுற்றி வந்து அளவெடுத்தேன். சக்கரக் குழிக்குள்ளும் அடர்ந்த சாம்பல் வண்ணம் பூசியிருந்ததைக் குறித்துக்கொண்டு வந்து, மாதிரியிலும் அப்படியே பூசினேன். அது கம்பிவேலிக்குப் பூசிய பெயின்ட்டின் மிச்சம் என்பது, அடுத்த முறை போனபோது வேலியும் அதே நிறத்தில் இருந்ததைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. காட்சிக்கு வைக்கப்பட்ட விமானங்களில் உருவத்தை நம்பலாம், உறையை நம்ப முடியாது.

பிட்டோ குழாய்க்குக் கிட்டில் வரும் பிளாஸ்டிக் குச்சியையே பயன்படுத்தச் சொல்லியிருப்பதும் எனக்கு உடன்பாடில்லை. மிக்-21-இன் 7.15 மீட்டர் இறக்கை விரிவு, கிட்டின் அளவில் 72-இல் ஒரு பங்காகும்போது பத்து சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவுதான். அந்த அளவில் குச்சி தடித்துத் தெரியும், துணி பட்டாலே முறியும். மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண ஊசியை அரத்தால் சுற்றிலும் கீறினால் நேராக முறியும். அதன் துளைக்குள் இன்சுலின் ஊசியின் நுனியை நுழைத்து ஒரு சொட்டுப் பசை வைத்தால், அடியில் பருத்தும் முனையில் மெலிந்தும் அசலைப் போலவே படிப்படியாகக் குறுகும் குழாய் கிடைத்துவிடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் மட்டும் கூர்முனையைத் தேய்த்து மழுக்கிவிட வேண்டும்.

2013 டிசம்பர் 11 அன்று கலைகுண்டா தளத்தில் எஃப்எல் விமானங்களுக்கும், 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் கடைசி பைசன்களுக்கும் விடைகொடுத்தாகிவிட்டது. இனி ஓடுபாதையோரம் நின்று சரிபார்த்துக்கொள்ள வழியில்லாததால், இதழில் வரும் படக்குறிப்பையே பலரும் ஆதாரமாகக் கொள்வார்கள். அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். கூடவே, எஃப்எல், பிஸ், பைசன் மூன்றின் பக்கவாட்டு வரைபடங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே அளவில் அச்சிட்டால், இந்தக் கடிதத்தின் பாதியைப் படிக்காமலேயே வாசகருக்கு விளங்கிவிடும்.

அந்த மாதிரியைச் செய்தவர் மனம் தளர வேண்டாம். உடலில் இணைப்புக் கோடே தெரியாதபடி தேய்த்திருக்கிறார். அந்தப் பொறுமை எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. மேலே வார்னிஷ் பூசாமல் இருந்தால், ஒட்டும் டேப்பை மெல்ல அழுத்தி எடுத்து 28-ஆம் படைப்பிரிவின் டீக்கால்களை (சின்னங்களும் எண்களும் அச்சிட்ட ஒட்டுப்படங்களை) நீக்கிவிடலாம். 1980-களின் பிஸ் விமானம் ஒன்றின் எண்ணை அந்த இடத்தில் ஒட்டினால் போதும்; அந்த நான்கு ஏவுகணைகளையும் கழற்ற வேண்டியதில்லை.

தங்கள் வாசகன்,
ஓய்வுபெற்ற இயந்திர வரைவாளர்,
திருச்சிராப்பள்ளி