வால்வின் மூன்றாவது வாய்

அன்புள்ள முத்து,

உன் சிறிய டிராக்டருக்குப் பின்புற ஹைட்ராலிக் வால்வை நீயே மாட்டப்போவதாக உன் தம்பி சொன்னான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே உனக்கு! அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சின்னவள் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள்.

போன மாதம்தான் என் வண்டிக்கு இதே வேலையைச் செய்து முடித்தேன். பின் கருவியை மேலே வண்டியோடு பிணைக்கும் டாப் லிங்க் தண்டின் இடத்தில் இப்போது ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர் இருக்கிறது. மண்ணைச் சமப்படுத்தும் பின் பிளேடின் சாய்வை இருக்கையில் இருந்தபடியே மாற்றுகிறேன். அந்தச் சுகத்தை அனுபவித்தவனுக்கு, இறங்கி ஏறித் திருகிய காலத்தை நினைத்தாலே அலுப்பு வருகிறது. ஆகவே நீ செய்வது நல்ல காரியம். ஆனால் எண்ணெய் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புகிறது என்பதைக் காகிதத்தில் வரையாமல் ஸ்பேனரைத் தொடாதே.

நம்முடையது போன்ற சிறிய வண்டிகளில் பெரும்பாலும் கியர் பம்ப்தான். இன்ஜின் ஓடும் வரை எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அது போகும் வரிசை: முதலில் முன்பக்க வாளியை இயக்கும் லோடர் வால்வு, அடுத்து உன் புதிய வால்வு, கடைசியில் பின் கருவியைத் தூக்கும் லிஃப்ட். யாரும் லீவரைத் தொடாதபோது எண்ணெய் மூன்றையும் கடந்து டேங்குக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே அப்படி வழிவிடும் ஓப்பன் சென்டர் வால்வையே கேட்டு வாங்கு. சிலிண்டருக்குப் போகும் வாய்களை விட்டால், வால்வில் இன்னும் மூன்று வாய்கள் உண்டு: பம்பிலிருந்து வருவது, டேங்குக்குத் திரும்புவது, அடுத்த வால்வுக்கு அனுப்பும் பவர் பியாண்ட். பலரும் சறுக்குவது இந்த மூன்றாவதில்தான். டேங்க் வாயிலிருந்தே லிஃப்டுக்கு ஹோஸ் இழுத்துவிடுகிறார்கள். முதல் நாள் எல்லாம் ஒழுங்காகவே ஓடும். லிஃப்ட் பாரம் தூக்கும்போது அந்த முழு அழுத்தமும் வால்வின் டேங்க் பக்கத்துக்கு ஏறும். அழுத்தம் தாங்க அமைந்த பக்கம் அல்ல அது. சீல் பிதுங்கும், வால்வின் உடலே வெடிக்கவும் கூடும். பவர் பியாண்ட் ஸ்லீவ் என்ற சிறு திருகுதான் உள்ளே டேங்க் வழியையும் பவர் பியாண்ட் வழியையும் பிரிக்கிறது. அது பெரும்பாலும் தனியாகத்தான் விற்கப்படுகிறது, நினைவில் வை. டேங்க் வாயிலிருந்து தனி ஹோஸ், இடையில் எந்த அடைப்பும் இல்லாமல், நேராக டேங்குக்கே போகட்டும்.

அழுத்தம் எல்லை மீறினால் எண்ணெயை டேங்குக்குத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு எங்கே இருக்கிறது என்றும் பார்த்துவிடு. எண்ணெய் வரும் வழியில் உன் புதிய வால்வு அதற்கு முன்னால் அமைந்தால், புதிய வால்வுக்கென்று சொந்த ரிலீஃப் வேண்டும். இல்லாவிட்டால் சிலிண்டர் முழுதும் நீண்டு நின்ற நொடியில் பம்ப் மூடிய சுவரோடு மோதும். டாப் லிங்க் சிலிண்டருக்கு, எண்ணெயை இருபுறமும் பூட்டிவைக்கும் இரட்டைச் செக் வால்வும் போடு. அது இல்லாவிட்டால், வால்வுக்குள் லீவரோடு நகரும் ஸ்பூல் தண்டின் வழியே கொஞ்சம் எண்ணெய் கசியத்தான் செய்யும், பிளேடு தானாகச் சரிந்துகொண்டே வரும்.

இணைப்புகளின் மரைகள் வாங்கும் முன்பே பொருந்துகின்றனவா என்று பார். கணேசன் உதவிக்கு வந்தால் அவன் கையிலிருக்கும் டெஃப்லான் டேப்பை முதலில் பிடுங்கி வை. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவதைப் போல இதற்கும் சுற்றுவான். ஒரு துணுக்கு உள்ளே போனால் ஸ்பூல் சிக்கிக்கொள்ளும்.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படி, முத்து. கசிவைக் கையால் தடவித் தேடும் பழக்கம் உனக்கு எப்போதும் உண்டு. இதில் அது வேண்டவே வேண்டாம். இந்த வண்டிகளில் அழுத்தம் 2500 பிஎஸ்ஐ அளவுக்குப் போகும். ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் பெரிதாக வலிக்காமலும் இருக்கலாம். உள்ளேயோ சதை அழுகத் தொடங்கும், விரலோ கையோ போய்விடும். கசிவை அட்டைத் துண்டால் தேடு. அப்படியொரு புள்ளி விழுந்தால், வலிக்காக காத்திராமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓடி, எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று சொல். எந்த இணைப்பைக் கழற்றும் முன்பும் லோடரையும் லிஃப்டையும் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, லீவர்களை இருபுறமும் அசைத்து அழுத்தத்தை வெளியேற்று.

வால்வை வாங்கும் முன் உன் வரைபடத்தை எனக்கு அனுப்பு. டேங்குக்குப் போகும் ஹோஸைச் சிவப்பு மையில் வரை. அடுத்த வார இறுதியில் எனக்கு வேலை இல்லை, கூப்பிட்டால் வந்துவிடுவேன்.

அன்புடன்,
சேகர்