மாலை 6 மணிக்கு ஒரு அறிவிப்பு வேண்டும்: எங்கள் பகுதி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி,
ஏப்ரல் 9, 2020

எங்கள் பகுதியின் நிர்வாக, சுகாதார அதிகாரிகளுக்கு,

வணக்கம். தேயிலை எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குக் கீழே, ரோட்டோரமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஊரடங்கு நேரப்படி மதியம் 1 மணிக்குக் கடையை அடைத்துவிடுகிறேன். அதற்குள் தினமும் நாலைந்து பேராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள்: "கொரோனா நம்ம ஊருக்கு வந்துருச்சாமே, நெசமா?" பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் நீங்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். தினமும் மாலை 6 மணிக்கு, நம் பகுதியின் நிலவரத்தைத் தமிழில் சொல்லுங்கள். எத்தனை பேர் தனிமையில் இருக்கிறார்கள், எத்தனை பேருக்குப் பரிசோதனை நடந்தது, எத்தனை பேருக்கு நோய் இல்லை என்று முடிவு வந்தது, எத்தனை பேருக்குத் தனிமைக் காலம் முடிந்தது. யாருடைய பெயரும் வேண்டாம். எந்த லைன், எந்த வீடு என்றும் வேண்டாம். சென்னையிலிருந்து மாநில அறிக்கை தினமும் வருகிறது, மாவட்டவாரியாக எண்ணிக்கை இருக்கிறது. ஆனால் கொழுந்து பறித்துவிட்டு வீடு திரும்பும் பெண்ணுக்கு மாவட்டக் கணக்கு போதாது. பக்கத்து லைனில் என்ன நடக்கிறது என்பதுதான் அவளுடைய பயம்.

மேல் லைனில் ஒரு அக்கா இருக்கிறார். வருஷக்கணக்காகக் கொழுந்து பறிக்கிறவர். குளிர் காலத்தில் இளைப்பு வரும், அது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். கோயம்புத்தூரில் மில் வேலை செய்யும் அவருடைய மகன் மார்ச் 23ஆம் தேதி மேட்டுப்பாளையம் வழியாகப் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தான். மறுநாள் மாலை 6 மணியிலிருந்து தமிழ்நாடு முழுக்க 144 போட்டுவிட்டார்கள். அடுத்த சில நாளில் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு பேர் முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்து, காய்ச்சல் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா என்று விசாரித்தார்கள். இரண்டும் இல்லை. 14 நாள் வெளியே வராதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் செய்தது சரியான வேலை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த நேரத்தில் யாரோ தூரத்திலிருந்து போட்டோ எடுத்திருக்கிறார்கள். 29ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்தப் போட்டோவோடு ஒரு குரல் பதிவு எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றியது. "மேல் லைனில் கன்ஃபார்ம் ஆயிருச்சு, குழாயடிக்குப் போகாதீங்க, பால் வாங்காதீங்க" என்று ஒரு ஆண் குரல். மத்தியானத்துக்குள் அந்த அக்காவின் குடத்தைக் குழாயடியிலிருந்து தள்ளி வைத்துவிட்டார்கள். பால்காரர் அவர்கள் வாசலில் நிற்கவில்லை. நான் அரிசியும் பாலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைப் பார்த்தவர்கள் இரண்டு நாள் என் கடைக்கே வரவில்லை.

அன்றைக்கு ராத்திரியே அவருக்கு இளைப்பு கண்டுவிட்டது. உட்கார்ந்தே தூங்கினார், அதாவது தூங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மகன் கெஞ்சினான். வர மாட்டேன் என்றார். ஏனென்றால் அதே குழுக்களில் இன்னொரு செய்தி ஓடிக்கொண்டிருந்தது: இருமலோடு போனால் பிடித்து வைத்துக்கொள்வார்கள், திரும்ப விட மாட்டார்கள், செத்தால் பொணத்தைக்கூடக் காட்ட மாட்டார்கள். மூன்று ராத்திரி அந்தப் பெண் சுவரைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நீங்கள் அறிவித்திருந்த எண்ணுக்கு நானே கூப்பிட்டேன். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தவர், "எங்களுக்குத் தகவல் இல்லை, நீங்கள் வதந்தி பரப்பாதீர்கள்" என்றார். அது வதந்தியா என்று கேட்கத்தான் நான் கூப்பிட்டேன். இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல ஒருவர் இருந்திருந்தால் அந்த மூன்று ராத்திரி ஒன்றாகவாவது குறைந்திருக்கும்.

ஏப்ரல் 1ஆம் தேதி காலையில் உதடு கறுத்துப்போன பிறகுதான் 108 வந்தது. ஆஸ்பத்திரியில் ஆவி மருந்து வைத்து, அன்று சாயங்காலமே மூச்சு சீராகிவிட்டது. வழக்கமான இளைப்புதான். மூன்றாம் நாள் வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். மகனுக்கு இன்றுவரை ஒரு தும்மல்கூட இல்லை. அவனுடைய 14 நாள் ஏப்ரல் 6ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தனிமையில் இரு என்று சொல்ல இரண்டு பேர் வந்தார்களே, முடிந்துவிட்டது என்று ஊருக்குச் சொல்ல ஒருவரும் வரவில்லை. இன்று காலையும் அவருடைய குடம் தனியாகத்தான் இருந்தது.

வதந்தி பரப்புகிறவர்கள் மேல் நடவடிக்கை என்று அறிவித்திருக்கிறீர்கள். நல்லது. ஆனால் உண்மை வந்து சேராத இடத்தில் அந்த அறிவிப்பால் என்ன ஆகும்? முதலில் கோழிக்கறி, முட்டையில் பரவுகிறது என்றார்கள். பிப்ரவரி, மார்ச்சில் முட்டை விலை விழுந்ததை என் கடையிலேயே பார்த்தேன். மார்ச் 22 ஒரு நாள் ஊரடங்கின்போது, 14 மணி நேரம் வெளியே வராவிட்டால் கிருமி செத்துவிடும் என்றார்கள். பிளாஸ்டிக்கின் மேலும் எவர்சில்வரின் மேலும் அது 3 நாள் வரை இருக்கக்கூடும் என்று அதற்கு முன்பே ஆய்வு வந்திருந்தது. ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நாங்களும் விளக்கேற்றினோம். ஒற்றுமைக்காகத்தான் பிரதமர் கேட்டார், ஏற்றினோம். மறுநாள் காலை, விளக்குச் சூட்டில் கிருமி அழிந்துவிட்டது என்று கடையில் ஒருவர் சொல்கிறார், முகக்கவசத்தைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு.

எங்கள் மலைக்கென்றே வதந்தி தனியாக வேறு. குளிரில்தான் கிருமி பெருகும், ஊட்டியில் ஒருத்தருக்கு வந்தால் மலையே காலி என்று ஒரு கூட்டம். நம் குளிரில் அது நிற்காது, நமக்கு வராது என்று இன்னொரு கூட்டம். குளிர் கிருமியைக் கொன்றுவிடாது, வெயில் ஊரிலும் அது பரவும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அந்த வரி தமிழில் எங்கள் லைனுக்கு வந்து சேரவில்லை.

அப்புறம் நீலகிரி தைலம். நம் ஊர்ப் பெயரையே வைத்திருப்பதால் அதன் மேல் எல்லோருக்கும் தனி நம்பிக்கை. போன வாரம் ஒரு சின்னப் பெண், கைக்குழந்தையோடு வந்து, "அக்கா, பாலில் எத்தனை சொட்டு விடலாம்?" என்று கேட்டாள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அது குடிக்கிற மருந்தில்லை. கொஞ்சம் உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். பாட்டிலைக் கொடுக்க மறுத்துவிட்டேன். நான் மறுத்தால் என்ன, அடுத்த கடையில் கிடைக்கும். "தைலத்தைக் குடிக்காதீர்கள்" என்று நீங்கள் ஒரு வரி சொன்னால், நான் நூறு தடவை சொல்வதை விடப் பெரியது.

குன்னூரில் 1907 முதல், நாய்க்கடி ஊசிக்கென்று தொடங்கிய பாஸ்டர் நிலையம் இருக்கிற மலை இது. நாய்க்கடிக்கு மந்திரித்துக்கொண்டிருந்த சனங்கள் ஊசியை நம்பக் கற்றுக்கொண்ட மலை. எங்களுக்கு விளங்காது என்று நினைத்துவிடாதீர்கள். விளங்கும்படி சொன்னால் கேட்போம். முகக்கவச விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில், நோயாளிக்கும் அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் போதும் என்றார்கள். இந்த மாத முதல் வாரத்தில், வெளியே போனால் எல்லோரும் துணியாலாவது கட்டுங்கள் என்கிறார்கள். இருமல், காய்ச்சல் தெரியாதவரிடமிருந்தும் பரவலாம் என்று தெரியவந்ததால் மாற்றினார்கள். இதைச் சொன்னால் யாரும் புரிந்துகொள்வார்கள். காரணத்தைச் சொல்லாததால், "அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு, அவங்களுக்கே தெரியலை" என்கிறார்கள். புது நோய், சிலது இன்னும் தெரியாதுதான். தெரியாததைத் தெரியாது என்றே 6 மணி அறிவிப்பில் சொல்லுங்கள். அதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்கப் போவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ எங்கள் லைனின் கடைசி வீடு வரை ஒரு நாளைக்கு மூன்று முறை வந்தது. எந்தச் சின்னம் என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். இப்போது உயிர்ப் பிரச்சனை, அந்த ஆட்டோவைக் காணோம். சுற்றறிக்கை ஆங்கிலத்தில் போனில் வருகிறது. பாதி வீட்டில் அந்த மாதிரி போன் இல்லை, இருக்கிற வீட்டில் சிக்னல் இல்லை, மழை பெய்தால் கரண்டும் இல்லை. ஓட்டுக் கேட்கத் தெரிந்த வழி, உயிர் காக்கத் தெரியாமல் போகுமா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வீட்டுக்குப் போகாமல் சோதனைச் சாவடியில் நிற்பதையும், தூய்மைப் பணியாளர்கள் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு மேடு ஏறுவதையும் நானும் பார்க்கிறேன். மார்ச் 31ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் பொய்ச் செய்திப் பேச்சு வந்தபோது, மக்களின் சந்தேகங்களைத் தீர்க்கத் தினசரி அறிக்கை வெளியிடும் ஏற்பாடு 24 மணி நேரத்துக்குள் தொடங்கும் என்று மத்திய அரசே சொன்னது. அதே ஏற்பாட்டை எங்கள் அளவில் கேட்கிறேன். மாலை 6 மணி. தமிழ். ஸ்பீக்கர் ஆட்டோவிலோ, கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கியிலோ. அன்றைக்குச் சுற்றிய வதந்திக்கு அன்றைக்கே பதில். கூப்பிட்டால் எடுத்து, ஆம், இல்லை என்று சொல்லும் ஒரு எண்.

என் கடை வாசலில் விலை எழுதும் கரும்பலகை இருக்கிறது. அதில் பாதியை அழித்து வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்வதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் தினமும் எழுதி வைக்கிறேன். முதல் நாள் அறிவிப்பில், எங்கள் பகுதியில் எத்தனை பேருக்குத் தனிமைக் காலம் நோயில்லாமல் முடிந்தது என்பதைத் தயவுசெய்து சேர்த்துச் சொல்லுங்கள். அந்த அக்கா நாளைக்கும் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பகுதி மளிகைக் கடைக்காரப் பெண்