முதல் தவணைப் பாடங்களை இங்கிருந்தே தெரிவுசெய்து அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி போதாமல் போகும்போது, அமெரிக்காவில் இரண்டு வருடம் சமுதாயக் கல்லூரி, பிறகு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் என்ற வழியைத் திருகோணமலைக் குடும்பங்களும் விசாரிக்கின்றன. நல்ல வழிதான். ஆனால் கட்டணம், விசா, தங்குமிடம் என்று எல்லாம் கேட்பவர்கள் பாடத் தெரிவைப் பற்றிக் கேட்பதில்லை. "முதலில் பொதுப்பாடங்களை முடிக்கட்டும், துறையைப் பிறகு பார்க்கலாம்" என்று முகவர்களும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு வருடம் மூன்றாக நீள்வதற்கு இந்தப் பேச்சே போதும்.

எங்கள் பிள்ளைகளுக்கு இதில் தனிச் சிரமம் உண்டு. உயர்தரத்தில் பிரிவைத் தீர்மானித்தால் மூன்று பாடங்களும் ஏறக்குறைய முடிவாகிவிடும். அங்கே ஒவ்வொரு தவணையும் மாணவரே நீண்ட பட்டியலிலிருந்து மூன்று நான்கு பாடங்களைப் பொறுக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு உதவாத பாடத்தைப் பதிந்தாலும் கணினி தடுக்காது.

கலிபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே 2025 இலையுதிர் தவணையிலிருந்து புதிதாகச் சேர்பவர்களுக்கு 'கல்-கெட்சி' என்ற பொதுக்கல்வித் திட்டம், அதாவது எத்துறை மாணவருக்கும் பொதுவான பாடங்களின் பட்டியல். 11 பாடங்கள், 34 அலகுகள் (பாடத்தின் அளவைக் கணக்கிடுவது அலகு). ஆங்கிலக் கட்டுரை, விமர்சனச் சிந்தனை, பேச்சு, கணிதம், கலை, மனிதப்பண்பியல் (இலக்கியம், மெய்யியல் போன்றவை), சமூக விஞ்ஞானம் இரண்டு, பௌதிக விஞ்ஞானம், உயிரியல், இனக்குழுக் கற்கை. இவற்றோடு 1 அலகு ஆய்வுகூடமும் சேரும். 'சி' தரத்துக்குக் குறைந்தால், 'சி மைனஸ்' ஆனாலும், அந்தப் பாடம் கணக்கில் வராது. பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருடத்துக்கு மாற மொத்தம் 60 அரையாண்டு அலகுகள் வேண்டும். காலாண்டு முறைக் கல்லூரியானால் அதுவே 90. இந்த இரண்டு கணக்கையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பட்டியல் எளிமையாகத் தெரியும். சிக்கல் உள்ளே இருக்கிறது. பொருளியல் படிக்கப் போகிறவர் நுண்பொருளியலும் பேரினப் பொருளியலும் எடுத்துவிட்டு, சமூக விஞ்ஞானம் இரண்டும் முடிந்தது என்று நினைப்பார். அந்த இரண்டும் வெவ்வேறு துறைகளிலிருந்து வர வேண்டும். ஆகவே உளவியலோ அரசறிவியலோ இன்னொன்று தேவை. விஞ்ஞானத்தில் 3 அலகு விரிவுரையை மட்டும் எடுத்து ஆய்வுகூடத்தை விடுபவர்களுக்கு அந்த 1 அலகு கடைசித் தவணையில்தான் நினைவுக்கு வரும். இனக்குழுக் கற்கைக்குப் பதிலாக மானிடவியல் பாடம் எடுத்தாலும் அந்த இடம் நிரம்பாது.

பொறியியல், கணினி விஞ்ஞானம், இரசாயனம் என்று போகிறவர்கள் பொதுப்பாடங்களை முதலில் முடிப்பது பெரிய தவறு. நுண்கணிதம் ஒன்று, இரண்டு, பல்மாறி நுண்கணிதம், வகையீட்டுச் சமன்பாடுகள் என்று கணிதம் படிப்படியாக ஏறும். பெரும்பாலும் ஒவ்வொன்றும் அடுத்ததற்கு முன்தேவை. நுண்கணிதத்தில் கால் வைக்காமல் பொறியியல் மாணவருக்குரிய பௌதிகத்தில் சேர முடியாது. முதல் தவணையில் கணிதத்தை விட்டால் சங்கிலி முழுவதும் ஒரு தவணை பின்னால் போகும். பொதுப்பாடங்கள் அத்தனை முடித்திருந்தாலும், துறைக்கான முன்பாடங்கள் குறைந்தால் இத்துறைகளில் இடம் கிடைப்பது கடினம். இணைந்த கணிதம் படித்த பிள்ளை நேரடியாக நுண்கணிதத்தில் தொடங்க முடியுமா என்று புறப்படுமுன் கல்லூரியிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும்.

விஞ்ஞான மாணவர் ஒருவரின் முதல் தவணை இப்படி அமையலாம்: ஆங்கிலக் கட்டுரை, நுண்கணிதம் ஒன்று, ஆய்வுகூடத்தோடு பொது இரசாயனம். ஏறக்குறைய 13 அலகு. மூன்றுமே பொதுக்கல்விக்கு உதவும், பின்னிரண்டும் துறைக்கும் உதவும். கலை, வரலாறு, பேச்சு ஆகியவற்றைப் பின்னுள்ள தவணைகளில் ஒவ்வொன்றாகச் செருகலாம்.

எந்தப் பாடம் எங்கே ஏற்கப்படும் என்பதை 'அசிஸ்ட்' இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கல்லூரி, பல்கலைக்கழகம், துறை மூன்றையும் தெரிவுசெய்தால் இந்தப் பாடத்துக்கு அந்தப் பாடம் என்று அட்டவணை வரும். இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களுக்கு அச்செடுத்துப் பக்கத்தில் வையுங்கள். எல்லாவற்றிலும் வரும் பாடத்தை முதலில் எடுக்க வேண்டும். இந்தத் தளம் முக்கியமாகக் கலிபோர்னியா அரச பல்கலைக்கழகங்களுக்கானது. டெக்சாஸில் 42 மணி, புளோரிடாவில் 36 மணி (அலகைத்தான் அங்கே மணி என்கிறார்கள்) என்று மாநிலத்துக்கு மாநிலம் பொதுக்கல்வித் திட்டம் மாறும். தனியார் பல்கலைக்கழகங்கள் தமக்கென்று விதி வைத்திருக்கும்.

எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவர் தவணைக்கு 12 அலகுக்குக் குறையக் கூடாது. அந்த 12இல் இணையவழிப் பாடம் ஒன்றுதான், 3 அலகுவரைதான், சேரும். கடினமாக இருக்கிறதே என்று ஒரு பாடத்தைக் கைவிட நினைத்தால், கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலரிடம் முதலில் அனுமதி பெற வேண்டும். கைவிட்டு 12க்குக் கீழே இறங்கிய பிறகு போய்ச் சொன்னால் விசா நிலையே முறிந்துவிடும். அலகு ஒன்றுக்கு அந்த மாநிலத்தவர் 46 டொலர் கட்டும்போது எங்கள் பிள்ளை பல மடங்கு கட்டுகிறது. வீண்போகும் ஒரு பாடம் வீட்டில் எத்தனை மாதச் சம்பளம் என்பதைப் பெற்றோர் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ், இர்வைன், மேர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் வளாகங்கள், தாம் கேட்கும் நிபந்தனைகளை நிறைவேற்றும் சமுதாயக் கல்லூரி மாணவருக்கு உத்தரவாத அனுமதி தருகின்றன. அதற்கு விண்ணப்பிப்பது செப்டெம்பர் மாதத்தில் மட்டும். பெர்க்லி, லொஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ இதில் இல்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு மாற வெளிமாநில, வெளிநாட்டு மாணவருக்குக் குறைந்தபட்சப் புள்ளிச் சராசரி 4க்கு 2.8, அது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே.

கொழும்பிலுள்ள ஃபுல்பிரைட் ஆணைக்குழுவின் 'எடியுகேஷன் யூஎஸ்ஏ' ஆலோசகர்களையும் முகவரிடம் போகுமுன் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டப் பிரதியையும் பிள்ளை சேமித்து வைக்க வேண்டும். வேறு மாநிலத்துக்கு மாற நேர்ந்தால் அதைத்தான் கேட்பார்கள். பொதுக்கல்வி முடித்ததற்கான சான்று பல்கலைக்கழகத்துக்குத் தானாகப் போகாது. கடைசியாகப் படிக்கும் கல்லூரியில் மாணவரே விண்ணப்பித்து அனுப்பச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உயர்கல்வி வழிகாட்டலில் ஈடுபடும் ஆசிரியர்கள்,
உவர்மலை, திருகோணமலை.