வரிசையின் கடைசி ஆள்

பாங்காக்
30-1-2014, வியாழன் இரவு

அன்புள்ள வாத்தியாருக்கு,

தீபாவளிக்கு நீ எழுதியதற்குப் பதில் போடவில்லை. பொங்கல் வாழ்த்துக்கும் போடவில்லை. திட்டி முடித்துவிட்டு இதைப் படி. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சரோஜா தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மண்ணச்சநல்லூர் விஷயத்தை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, பயப்படாதே.

போன வாரம் டீவியில் எங்கள் ஊரைப் பார்த்துப் பதறிக் கூப்பிட்டாய். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று நான் வைத்ததும் உனக்குச் சந்தேகம் வந்திருக்கும். பக்கத்தில் உன் தங்கச்சி, அதான் என் வீட்டுக்காரி, உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் வராது என்று நினைக்காதே. 22 வருஷத்தில் வார்த்தை புரியாவிட்டாலும், யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்பது துல்லியமாகப் புரியும்.

முதலில் சிரிக்கிற விஷயம். ஜனவரி 13 திங்கட்கிழமை அரசாங்கத்தை எதிர்க்கிறவர்கள் இங்கே ஊரை மூடினார்கள். கடையடைப்பு இல்லை, சந்தியடைப்பு. பதும்வான், ராச்சப்பிரசோங், அசோக், லாட் பிராவ், வெற்றிச் சின்னம், எங்கள் சீலோம் பக்கம் லும்பினிப் பூங்கா முனை என்று பெரிய சந்திகளாகப் பார்த்து மேடை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் பொங்கல். மாரியம்மன் கோயிலுக்கு வண்டி போகாது என்பதால், வானூர்தி மாதிரி தலைக்கு மேல் ஓடும் ரயிலில் வந்து இறங்கி, தோளில் இரண்டு கரும்போடு கூட்டத்துக்குள் நடந்தேன். நானும் கட்சிக்காரன், ஏதோ புதுவிதக் கொடிக்கம்பத்தோடு வருகிறேன் என்று நினைத்து வழி நெடுகப் பீப்பீ என்று விசில். ஒரு பாட்டி என்னை நிறுத்தி, கரும்பின் தோகையில் சிவப்பு வெள்ளை நீல நாடாவைக் கட்டிவிட்டு 20 பாட் வாங்கிக்கொண்டாள். குருக்கள் நாடாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்துவிட்டார். இந்த ஊரில் ஒன்றும் கேட்காமல் இருக்கத் தெரிந்தவன்தான் பிழைப்பான்.

சந்திகளில் திருவிழா மாதிரி இருக்கிறது. இலவசச் சாப்பாடு, பாட்டுக் கச்சேரி, கால் பிடித்துவிடுகிறவர்கள், விசில் மாலை மாலையாக விற்பனை. போராட்டத்தை நடத்தும் சுதேப், தெருவில் நடந்து வந்தால் ஜனங்கள் ஓடிவந்து கையில் நோட்டைத் திணிக்கிறார்கள். துணைப் பிரதமராக இருந்த ஆள். சின்ன வயதில் ஊரில் கம்னானாக இருந்தாராம், அதனால் 'லுங் கம்னான்' என்கிறார்கள். நம் பாஷையில் நாட்டாமைப் பெரியப்பா. ஆனால் இதே திருவிழாவில் 17-ஆம் தேதியும் 19-ஆம் தேதியும் குண்டு வீசினார்கள். 22-லிருந்து அவசரநிலை. மேடையில் பாட்டு நிற்கவில்லை.

நீ போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "தேர்தல் வேண்டாம்னு ஜனங்களே ஊர்வலம் போவாங்களாடா?" போவார்கள் வாத்தியாரே. நம்மூரில் ஆளுங்கட்சி தேர்தலைக் கண்டு நடுங்கும், எதிர்க்கட்சி உடனே வை என்று குதிக்கும். இங்கே ஆளுங்கட்சி தேர்தல் தேர்தல் என்கிறது, எதிர்க்கட்சி ஐயோ வேண்டாம் என்கிறது. காரணம் எளிது. 2001-லிருந்து முன்னாள் பிரதமர் தக்சின் பக்கத்துக் கட்சிதான், பெயர் மாறினாலும், ஒவ்வொரு தேர்தலிலும் ஜெயிக்கிறது. எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சி கடைசியாகத் தேர்தலில் முதலிடம் பிடித்தது 1992-ல். எனக்குக் கல்யாணமான வருஷம். அதனால் "முதலில் சீர்திருத்தம், பிறகு தேர்தல்" என்பது அவர்கள் கோஷம். அந்தச் சீர்திருத்தத்தைச் செய்யப் போவது தேர்ந்தெடுக்கப்படாத ஒரு மக்கள் மன்றம்.

அதற்காக ஆளுங்கட்சிக்காரர்கள் உத்தமர்கள் என்று எழுதிவிடாதே. நவம்பர் 1-ஆம் தேதி விடிகாலை நாலு மணிக்கு ஒரு பொதுமன்னிப்பு மசோதாவை நிறைவேற்றினார்கள். அந்த நேரத்தில் நடக்கிற நல்ல காரியம் மார்கழி பஜனை ஒன்றுதான். மசோதா சட்டமானால், தண்டனை பெற்று வெளிநாட்டில் இருக்கும் தக்சின் சுத்தமாகி ஊர் திரும்பலாம். பிரதமர் யிங்லக் அவர் சொந்தத் தங்கை. 2010 போராட்டத்தில் பாங்காக்கில் 90 பேருக்கு மேல் செத்தார்களே, அதற்கு உத்தரவு போட்டவர்களுக்கும் சேர்த்து மன்னிப்பு. செத்தவர்கள் பக்கமான, தக்சினை ஆதரிக்கும் சிவப்புச் சட்டைக்காரர்களுக்கே அது கசந்தது. மேலவை அதைத் தூக்கி எறிந்தது, ஆனால் தெருவுக்கு வந்தவர்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. டிசம்பர் 8-ல் எதிர்க்கட்சி எம்பிக்கள் ஒட்டுமொத்தமாக ராஜினாமா. மறுநாள் யிங்லக் சபையைக் கலைத்து, பிப்ரவரி 2-ல் தேர்தல் என்றார். தேர்தல் ஆணையமே தள்ளிவைக்கலாம் என்கிறது, நீதிமன்றமும் தள்ளிவைக்கலாம் என்று 24-ஆம் தேதி சொல்லிவிட்டது, அரசாங்கம் மாட்டேன் என்கிறது. ராணுவத் தளபதியைக் கேட்டால், புரட்சிக்கான கதவு திறந்தும் இல்லை, மூடியும் இல்லை என்கிறார். 1932-லிருந்து பதினெட்டு முறை திறக்கப்பட்ட, தள்ளிப் பார்க்கப்பட்ட கதவு அது. அதற்குக் கீலே தேய்ந்திருக்கும்.

சரி, இவ்வளவும் பேப்பரில் இருப்பதுதான். போனில் சொல்ல முடியாமல் போனதைச் சொல்கிறேன்.

உன் தங்கச்சி விசில் ஊதுகிறாள். அவள் தெற்கே நக்கோன் சி தம்மராத்காரி என்பது உனக்குத் தெரியும். அவள் தம்பிக்குச் சாவத் என்ற ஊரில் ரப்பர் தோட்டம். போன ஆகஸ்டில் அந்த ஊர்க்காரர்கள் ரப்பருக்குக் கிலோ 120 பாட் கேட்டுச் சாலையையும் ரயிலையும் மறித்தார்கள். அந்த விலை கிடைக்கவில்லை. ஆனால் வடகிழக்கில் நெல்லுக்கு டன்னுக்கு 15,000 பாட், சந்தை விலைக்கு எவ்வளவோ மேலே. "அவர்கள் ஓட்டுக்கு விலை, எங்கள் ரப்பருக்கு விலை இல்லை" என்கிறாள். இதற்கு என்னிடம் பதில் கிடையாது. சாயங்காலம் கழுத்தில் விசிலோடு கிளம்புவாள், பத்து மணிக்குத் தொண்டை கட்டிப்போய் வருவாள். நான் சோறு வடித்து வைப்பேன். சிரிக்காதே.

அப்புறம் சோம்சாய். 17 வருஷமாக என் பட்டறையில் கல்லுக்குப் பட்டை போடுகிறவன். நீ 2005-ல் வந்தபோது உன்னைச் சந்தைக்குக் கூட்டிப்போய், வண்டு வறுவலைத் தின்ன வைத்தானே, அவனேதான். ஊர் வடகிழக்கில் ரொய் எட். அவன் அப்பாவுக்குத்தான் அந்த 15,000 பாட் நெல் விலை, ஆனால் நெல் போய் மாசக்கணக்காகிறது, கையில் இருப்பது ரசீது மட்டும். அரசாங்கத்திடம் காசு இல்லை. வட்டிக்காரன் வாசலில் இருக்கிறான். இருந்தும் சோம்சாய் அதே கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுவேன் என்கிறான். "ஏமாற்றியவனை நான் ஓட்டுப் போட்டுத் திட்டிக்கொள்கிறேன், அவர்கள் ஏன் என் ஓட்டைப் பிடுங்க வேண்டும்?" என்று என்னைக் கேட்டான்.

ஊருக்குப் போக லீவு இல்லாதவர்கள் இங்கேயே முன்கூட்டிப் போடலாம் என்பதால் பதிந்து வைத்திருந்தான். அந்த நாள் போன ஞாயிறு, 26-ஆம் தேதி. பாங்காக்கில் பெரும்பாலான இடங்களில் கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். பாங் நா பக்கம் ஒரு போராட்டத் தலைவரைச் சுட்டுக் கொன்றார்கள். இன்னொரு இடத்தில் ஓட்டுப் போட வந்தவர் கழுத்தை ஒருவன் நெரிக்கிற படம் உலகம் பூராவும் வந்தது. திங்கட்கிழமை சோம்சாய் வழக்கம்போல எட்டு மணிக்கு வந்து சாணைக்கு முன்னால் உட்கார்ந்தான். "என்னாச்சு?" என்றேன். "கேட் பூட்டியிருந்தது, வந்துவிட்டேன்" என்றான். அவ்வளவுதான்.

அன்று ராத்திரி உன் தங்கச்சி தூங்கவில்லை. ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து சொன்னாள். அந்த கேட்டுக்கு முன்னால் நின்ற கூட்டத்தில் அவளும் இருந்திருக்கிறாள். சோம்சாய் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். அவளைப் பார்த்ததும் அட்டையைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, முதலாளி வீட்டம்மா என்று கைகூப்பிக் கும்பிட்டானாம். கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டானாம்.

"நீ என்ன செய்தாய்?" என்றேன்.

"நானும் கும்பிட்டேன், வாயில் விசிலோடு" என்றாள்.

வாத்தியாரே, கத்தியிருந்தால், தள்ளியிருந்தால் கூட எனக்கு இவ்வளவு தொந்தரவாக இருந்திருக்காது. நாலு நாளாக அந்தக் கும்பிடுதான் கண்ணில் நிற்கிறது. புதன்கிழமை அவன் லீவு கேட்டு ஊருக்குப் போனான், அப்பாவின் ரசீது விஷயம் என்று. பெயர் இங்கே பதிவாகிவிட்டதால் அங்கேயும் ஓட்டுப் போட முடியாதாம். என்றைக்குத் திரும்புவாய் என்று நான் கேட்கவில்லை. வெளிநாட்டுக்காரன், வருஷா வருஷம் விசாவுக்கு வரிசையில் நிற்கிறவன், நமக்கெதற்கு அரசியல் என்று 25 வருஷமாகத் தப்பித்த வாய் அப்படித் திடீரென்று திறக்குமா?

3-2-2014, திங்கள்

வெள்ளிக்கிழமை சீனப் புத்தாண்டு, பட்டாசில் எழுத முடியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வெடித்தது பட்டாசு இல்லை. லக் சீயில், வாக்குப்பெட்டிகள் இருந்த இடத்தை இரண்டு கூட்டமும் சூழ்ந்து, பட்டப்பகலில் துப்பாக்கிச் சண்டை. ஒருவன் துப்பாக்கியைச் சோளச் சாக்குக்குள் ஒளித்துக்கொண்டு சுடுகிறான். தேர்தலுக்கு முந்தின நாள் ஆறு மணிக்கு மேல் சரக்கு விற்கக் கூடாது என்ற சட்டத்தை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

நேற்று ஞாயிறு. எங்கள் மகள் மீனாவுக்கு 20 வயது, முதல் ஓட்டு. அவள் அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அம்மா தடுக்கவில்லை, "தொப்பி போட்டுக்கொள், வெயில்" என்றாள். நான் கூடப் போனேன். சாவடி இருக்க வேண்டிய இடத்தில் பலகை இல்லை, பெட்டி இல்லை, ஒரு நாய் படுத்திருந்தது. எங்கள் தின் டேங் வட்டாரத்தில் ஒரு சாவடியும் திறக்கவில்லை. உனக்குத்தான் இது புரியும், முதல் நாளே லாரியில் பெட்டியோடு போய்ப் பள்ளிக்கூடத் தரையில் படுக்கிறவன் நீ. பெட்டியும் சீட்டும் வைத்திருக்கிற ஓர் இடத்தை மறித்தால் போதும், நூறு சாவடியை மறிக்க வேண்டியதில்லை. தெற்கே தபால் அலுவலகத்திலிருந்தே வாக்குச்சீட்டு வெளியே வரவில்லை.

வட்டார அலுவலகத்துக்குப் போனோம். அட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு "இன்றைக்கு ஓட்டு!" என்று ஒரு கூட்டம் கேட்டைக் குலுக்கிக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர், நல்ல சேலைத்துணிச் சட்டை போட்ட ஒரு பள்ளிக்கூட டீச்சர், தள்ளு நாற்காலியில் ஒரு தாத்தா. மீனாவும் கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. மூன்று மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது, அதாவது தொடங்காமலே. சிலர் போலீசில் புகார் எழுதிக் கொடுத்தார்கள், இவளும் கொடுத்தாள்.

நாடு முழுக்க சுமார் 10,000 சாவடிகள் திறக்கவில்லையாம். தெற்கே 28 தொகுதிகளில் வேட்பாளரே இல்லை. 500-ல் 475 பேர் தேர்வானால்தான் சபை கூடலாம் என்பது சட்டம். ஆகவே ஓட்டு போட்டும் ஆட்சி இல்லை, போடாமலும் ஆட்சி போகவில்லை. 2006-ல் இதே மாதிரி ஒரு புறக்கணிப்புத் தேர்தலை நீதிமன்றம் செல்லாது என்றது, செப்டம்பரில் டாங்கி வந்தது. இந்த முறையும் அப்படித்தான் போகும் என்று சீலோமில் கல் வியாபாரிகள் பந்தயம் கட்டுகிறார்கள். வெளிநாட்டு வாங்குபவர்கள் யாரும் வராததால் வேறு வேலை இல்லை.

வீட்டுக்கு வந்து மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். யாரும் பேசவில்லை. விசில் ஆணியில் தொங்கியது. இன்று சாயங்காலம் அவள் அதை எடுத்துக்கொண்டு போனாளா என்று கேட்காதே. போனாள். சோம்சாய் இன்னும் வரவில்லை, அவன் சாணையைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். சந்தபுரியிலிருந்து வந்த ஒரு பொட்டலம் நீலம் பட்டை போடாமல் கிடக்கிறது, வேறு ஆளிடம் கொடுக்க மனம் வரவில்லை.

1989 தேர்தலில் என் ஓட்டை எவனோ போட்டுவிட்டுப் போனதை நீ இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாய். நேற்று ராத்திரி மீனாவிடம் அதைச் சொன்னேன், சிரிப்பாள் என்று. "போடுவதற்குப் பெட்டியாவது இருந்ததே" என்றாள். அப்புறம் நீ ஒரு முறை சொன்னதையும் சொன்னேன்: நேரம் முடிகிறபோது கேட்டைச் சாத்திவிட்டு, உள்ளே நிற்கிற எல்லாருக்கும் கையெழுத்துப் போட்ட சீட்டு கொடுப்பாயாம், அதுவும் வரிசையின் கடைசி ஆளிடமிருந்து தொடங்கி முன்னால் வருவாயாம், பிறகு யாரும் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ள முடியாதபடி. அந்தக் கடைசி ஆள் போட்டு முடிக்கும்வரை, ராத்திரி எட்டானாலும், சாவடியை மூட மாட்டார்களாம்.

அவள் நம்பவில்லை. அப்பா கதை விடுகிறார் என்கிறாள். ஏப்ரல், மே-யில் உங்களுக்கும் தேர்தல், உனக்கு எப்படியும் டூட்டி போட்டுவிடுவார்கள். சேகர் மாமாவே தன் கையால் எழுதினால் நம்புவாளாம். நாலு வரி எழுது.

அன்புடன்,
உன் கல்லுக்காரன்