வினாடி வினாவில் விடைக்கு அப்புறம் இரண்டு வரி வேண்டும்

ஐயா,

ஞாயிறு இணைப்பிதழில் வரும் பழைய ஹாலிவுட் வினாடி வினாவை விடாமல் படிப்பவன் நான். போன வாரம் 'ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பின நடிகர் யார்?' என்று கேட்டிருந்தீர்கள். விடை, ஹாட்டி மெக்டேனியல். சரியான விடைதான். ஆனால் வெறும் பெயரோடு நிறுத்திவிட்டீர்களே என்று மனம் ஆறவில்லை.

'கான் வித் த விண்ட்' படத்துக்காக 1940 பிப்ரவரி 29 அன்று அவருக்கு விருது கிடைத்தது. விழா நடந்த லாஸ் ஏஞ்சலிஸ் அம்பாசடர் ஹோட்டலில் கறுப்பினத்தவருக்கு அனுமதி கிடையாது. தயாரிப்பாளர் செல்ஸ்னிக் கேட்டுக்கொண்ட பிறகுதான் உள்ளே விட்டார்கள். அப்போதும் சக நடிகர்களோடு உட்கார முடியவில்லை. சுவரோரமாகத் தனி மேசை. அதற்கு முன் அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கும் அவரால் போக முடியவில்லை. 1952இல் இறந்தபோது, அவர் ஆசைப்பட்ட ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்திலும் இடம் மறுத்துவிட்டார்கள். இதையெல்லாம் சொல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்பதில் என்ன பயன்?

விடைகளுக்குக் கீழே இரண்டு வரி விளக்கம் போடுங்கள். படங்களைக் குறைத்தால் இடம் கிடைக்கும். அப்படியே மார்னி நிக்சனைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள். 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்ன் வாயசைத்த பெரும்பாலான பாடல்களைப் பாடியவர் அவர். படத்தின் டைட்டிலில் அவர் பெயரே கிடையாது. பின்னணிப் பாடகர்களைக் கொண்டாடும் நம் வாசகர்களுக்கு அவரைக் கட்டாயம் பிடிக்கும்.

– ஒரு வாசகர், திருச்சி