பெற்றோருக்கு: அரையாண்டு விடுமுறைக்கு முன் ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. கபடி அணியும் ஓவியப் போட்டிக்குச் சென்றவர்களும் பரிசுகளோடு திரும்பினார்கள். அனைவருக்கும் பாராட்டுகள்.

ஒன்பதாம் வகுப்பின் 'எங்கள் ஊர் வரலாறு' செயல்திட்டம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து மலையிறங்கி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இங்கே பலர் படிப்பதால்தான் அந்த மலையைத் தலைப்பாகக் கொடுத்தோம். வந்த ஏடுகளில் பெரும்பாலானவை கடையில் அச்செடுத்தவை. எழுத்துப் பிழைகள்கூட ஒன்றே. மூடுபனி, மணிமுத்தாறு அருவி, குதிரைவெட்டியின் காட்சி எல்லாம் இருக்கின்றன. கொழுந்து பறித்த ஒருவர்கூட இல்லை.

வேலை முடிந்து அலுத்து வரும் உங்களுக்கு நேரம் கிடைப்பது அரிது என்பதை அறிவோம். ஆனாலும், பாட்டி ஆயுள் முழுக்கக் கூடை சுமந்த வீட்டுப் பிள்ளை அந்த மலையை வெறும் சுற்றுலாத் தலம் என்று எழுதி வருவதை என்னால் ஏற்க முடியாது. அச்செடுத்த ஏடுகளுக்கு மதிப்பெண் கிடையாது.

ஆண்டுகளை வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறோம். 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் காட்டை பம்பாய் பர்மா நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. ஜமீன் ஒழிப்புக்குப் பின் 1952இல் நிலம் அரசிடம் வந்தும் குத்தகை தொடர்ந்தது. அது முடிய வேண்டிய 2028க்கு முன்பே, 2024இல் நிறுவனம் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவித்தது. ஆனால் மஸ்டருக்கு, அதாவது காலை வருகைப் பதிவுக்கு, எப்போது போய் நின்றார்கள், அட்டைக் கடிக்கு என்ன பூசினார்கள், அடைமழையில் ஊத்து, நாலுமுக்கு எஸ்டேட்டுகளுக்கு அரிசி எப்படி வந்தது, லயன் வீட்டில் (தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) பிரசவம் யார் பார்த்தார்கள் என்பதையெல்லாம் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

1999 ஜூலை 23 பற்றி எழுதலாமா என்று சிலர் தயங்கிக் கேட்டீர்கள். கூலிக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போன தோட்டத் தொழிலாளர்கள் உள்ளிட்டோர் மீது போலீஸ் நடத்திய தடியடியில், ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்தார்கள். தாராளமாக எழுதலாம். பேச மனம் வராத பெரியவர்களை வற்புறுத்தக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில், பிள்ளையின் சொந்தக் கையெழுத்தில் நான்கு பக்கம் வந்தால் போதும். பிழைகளுக்கு மதிப்பெண் குறைக்க மாட்டோம். பாட்டி சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதட்டும்.

பழைய சம்பளச் சீட்டுகளையும் புகைப்படங்களையும் நம்பிக் கொடுத்தனுப்பிய பெற்றோருக்கு மனமார்ந்த நன்றி. அவற்றைக் கண்டபோது ஆசிரியர்கள் நெகிழ்ந்துபோனார்கள். நகல் எடுத்தாயிற்று, மூலங்களை அலுவலகத்தில் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்