மழையிலும் பேட் பிடிக்க ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 நவம்பர் 2ஆம் தேதி நவி மும்பையில் நம் இந்தியப் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் ஜெயித்து கிரிக்கெட் உலகக் கோப்பையைத் தூக்கியதை என் மகள் கண் கொட்டாமல் பார்த்தாள். மறுநாளே பேட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள், ஆனால் வெளியே மழை. எங்கள் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. அதனால் வருஷத்தில் பாதி நாள் மைதானம் சேறாகத்தான் கிடக்கும். பையன்களாவது எங்காவது ஒரு காய்ந்த இடம் பார்த்து ஆடிவிடுவார்கள், பெண் பிள்ளைகளை யார் அப்படி அனுப்புகிறார்கள்?

வீட்டுக்குப் பின்னால் தேங்காய் போட்டு வைக்கிற ஷெட் ஒன்று உண்டு, 34 அடி நீளம், 11 அடி அகலம். அதையே வலைப்பயிற்சிக்கு மாற்றிவிட்டோம். வலைக்கு நான் கடைக்குப் போகவில்லை. கடலோரத்தில் தெரிந்த ஒரு படகுக்காரர் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய மடி வலையை எடை போட்டு வாங்கி வந்தேன். கிரிக்கெட் பந்தின் குறுக்களவு ஏறக்குறைய 7 செ.மீ., அதனால் வலையின் கண்ணி, அதாவது ஓட்டை, ஒன்றரை அங்குலம் இருந்தால் தாராளம். வலையில் கோத்திருக்கிற ஈயக்குண்டுகளை ஒன்று விடாமல் அறுத்து எடுத்துவிட வேண்டும், மறந்தால் ஆபத்து. நாற்றம் போக நாலைந்து தடவை அலசிக் காயப்போட்டோம். இழையைக் கையால் இழுத்துப் பாருங்கள், பட்டென்று அறுந்தால் வெயிலில் மக்கிப்போன வலை, அது வேண்டாம்.

முதலில் ஒரு பெரிய தப்பு செய்தேன். வாலிபால் வலை மாதிரி விறைப்பாகக் கட்டிவிட்டேன். அவள் அடித்த பந்து வலையில் பட்டுத் திரும்பி அவள் தோளிலேயே விழுந்தது. அந்தப் படகுக்காரர் வந்து பார்த்துவிட்டு, “வலைன்னா தொங்கணும் தம்பி, அப்பத்தான் வேகத்தை விழுங்கும்” என்றார். அப்புறம் மேலே கம்பிக்கயிறு இழுத்து, வளையம் கோத்து, திரைச்சீலை போலத் தொங்கவிட்டோம். கீழே ஓர் அடி வலை தரையில் புரள வேண்டும், சுவருக்கும் வலைக்கும் நடுவே ஓர் அடியாவது இடைவெளி வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் பந்து செத்து விழுகிறது. கூரைக்கு அடியிலும் வலை கட்டுங்கள், டியூப்லைட் அதற்கு மேலே இருக்கட்டும்.

சிமெண்ட் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு வரும், அதனால் கயிற்றுப் பாய் விரித்து நான்கு பக்கமும் இழுத்து அடித்திருக்கிறோம். பாய் சுருண்டால் கால் தடுக்கும். கிரிக்கெட் பிட்ச்சின் முழு நீளமான 22 கஜம், அதாவது 66 அடி, நம் வீடுகளில் கிடைக்காது. கிடைக்க வேண்டிய அவசியமும் இல்லை. 20 அடியிலிருந்து நான் கீழ்க்கையால் போடுகிறேன், அவள் டிரைவ், அதாவது பேட்டை நேராக வீசி முன்பக்கம் அடிப்பது, பழகுகிறாள். நான் இல்லாதபோது பந்தைச் சாக்ஸில் போட்டுக் கட்டித் தொங்கவிட்டுத் தனியாக ஆடுகிறாள். ஆஸ்திரேலிய பேட்டிங் மேதை பிராட்மேன் சிறுவனாக இருந்தபோது வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒற்றை ஸ்டம்பால் அடித்துப் பழகியவர்தானே. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், இவ்வளவு குறைந்த தூரத்தில் டென்னிஸ் பந்து போதும். கார்க் பந்தோ லெதர் பந்தோ எடுத்தால் ஹெல்மெட் இல்லாமல் நிற்க விடாதீர்கள்.

எனக்கு எல்லாமாக ஒன்பதாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. இப்போது தெருவிலிருந்து இன்னும் மூன்று பெண் பிள்ளைகள் வருகிறார்கள், ஷெட் போதவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். ஊர் ஊராகச் சமுதாய நலக்கூடங்கள் கட்டி வைத்திருக்கிறார்கள், கல்யாணம் இல்லாத நாளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. எதிரெதிர்ச் சுவரில் கொக்கி அடித்தால் போதும், சாயங்காலம் வலையை இழுத்துவிடலாம், ஆடி முடித்ததும் ஓரமாகச் சுருட்டிவிடலாம், விசேஷத்துக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை. உலகக் கோப்பையில் முதல் சதம் அடித்த இந்தியப் பெண் சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினி, 2013இல். அடுத்து வரப்போகிற பிள்ளை மழைக்காலத்தில் எங்கே போய்ப் பழகுவாள்?

எங்கள் பகுதிக் கூடத்துக்காக இரண்டு முறை மனு கொடுத்தேன், பதில் இல்லை. பணம் எதுவும் கேட்கவில்லை. வலையும் பாயும் நானே தருகிறேன், கொக்கி அடிக்க அனுமதியும் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை சாவியும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்,
குமரி மாவட்டம்